சொந்தத் தொழில்: குமரி வீடுகளில் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

குமரி மாவட்டத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், படித்து முடித்த பையனிடம் பந்தி முடிவதற்குள் யாராவது ஒரு மாமா கேட்டுவிடுவார்: "மக்ளே, ஜோலி வல்லதும் ஆச்சா?" சென்னையில் ஐ.டி. கம்பெனி, துபாய், தேர்வு எழுதியிருக்கிறேன் என்று எதைச் சொன்னாலும் பேச்சு சுகமாக நகரும். "சின்னதா ஒரு தொழில் தொடங்கியிருக்கேன் மாமா" என்று சொன்னால் மட்டும் ஒரு நொடி பேச்சு நின்றுபோகும். "அது சரி மக்ளே, ஜோலிக்கு எங்கேயாவது எழுதிப் போட்டிருக்கியா?" என்பதுதான் அடுத்து வரும்.

இந்தக் காட்சியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். இளைஞர்களைத் தொழில் தொடங்க வைப்பது எது என்று பேசும்போதெல்லாம் கடன், மானியம், பயிற்சி, தன்னம்பிக்கை என்றுதான் பேச்சு போகிறது. கல்லூரி அரங்குகளில் கனவு காணச் சொல்கிறார்கள். இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் எனக்குத் தெரிந்து தொழில் தொடங்கி நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தால், அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை வேறு இரண்டு. அந்தத் தொழிலையோ அதைப் போன்ற ஒன்றையோ யாராவது செய்வதை அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அப்புறம், தொழில் படுத்துவிட்டாலும் அவர்கள் வீட்டில் உலை கொதித்திருக்கும். இந்த இரண்டும் இருந்தவர்களுக்குத்தான் வங்கியும் பயிற்சியும் பயன்பட்டன.

அந்த மாமாவின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் இங்கே பெரும்பாலான எளிய குடும்பங்களின் ஆண்கள் பனையேறினார்கள், கடலுக்குப் போனார்கள், பிறர் நிலத்தில் வேலை செய்தார்கள். பனையேறியை யாரும் தொழில்முனைவோர் என்று சொன்னதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவரும் சொந்தத் தொழில் செய்தவர்தான். விடியலில் மரம் ஏறி, பதனீர் இறக்கி, வீட்டுப் பெண்கள் கருப்பட்டி காய்ச்ச, அதை முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே அவர் சொன்ன விலைக்கு விற்றார். முதலாளி என்று யாரும் இல்லை, கடன் மட்டும் என்றைக்கும் இருந்தது. அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை படித்து வாத்தியார் ஆனதும்தான் மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற நிம்மதியை அந்தக் குடும்பம் முதன்முதலில் அறிந்தது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது இந்த மாவட்டம். அந்தப் படிப்பின் குறி சம்பளம்தான். சம்பளம் என்றால் மரியாதை, யாரிடமும் கைகட்டி நிற்காத வாழ்க்கை. அதனால் 'சொந்தத் தொழில்' என்றதும் பெரியவர்களின் முகம் மாறுவதை அறியாமை என்று தள்ள என்னால் முடியவில்லை. அவர்கள் தப்பி வந்த இடத்துக்கே பிள்ளை திரும்பிப் போகிறானோ என்ற பயம் அது.

பார்த்துப் பழகுவதைப் பற்றிச் சொன்னேன். சுவீடனில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. தொழில் செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் தாங்களும் தொழில் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது. இது ரத்தத்தில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா? தத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் ஒருவர், வளர்த்தவர்கள் ஒருவர் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. வளர்த்தவர்களின் பங்கு பெற்றவர்களின் பங்கைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அதாவது 'வியாபார ரத்தம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. சரக்கு ஏன் தேங்கியது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, மழைக்காலத்தை எப்படித் தாண்டுவது என்று அப்பாவும் அம்மாவும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நஷ்டம் என்பது தெரிந்த விருந்தாளி. மற்ற பிள்ளைக்கு அது இருட்டில் நிற்கும் ஆள்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. தூத்தூர் தொடங்கி நீரோடி வரை உள்ள கடற்கரை ஊர்களின் ஆட்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்து வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்கிறார்கள். அங்கே படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதி வருமானத்தைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிப்பார்கள். பங்குக்குப் போகும் பதினெட்டு வயதுப் பையன்கூட ஒவ்வொரு முறையும் வரவு செலவைக் கேட்கிறான். எந்த முறை லாபம், எது கையைக் கடித்தது, ஏலத்தில் விலை ஏன் விழுந்தது என்று அவனுக்குத் தெரியும். சில வருடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு படகில் பங்கு போடுவது அவனுக்குப் பெரிய தாவலாகத் தெரிவதில்லை. எந்தத் தொழில்முனைவு வகுப்பும் சொல்லித் தராத கணக்கு அது. அதே மாவட்டத்தில் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கிய பையனுக்கு, நாலு வருடத்தில் ஒரு முறையாவது ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்குமா? எனக்குத் தெரிந்த பலருக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் நல்ல எடுத்துக்காட்டு மார்த்தாண்டத்துத் தேன். 1920களில் இங்கே வந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், கிறிஸ்தவ இளைஞர் அமைப்பான ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தின் வழியாகப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அது ஏன் இவ்வளவு வேகமாக வீடு வீடாகப் பரவியது என்று பார்த்தால், தொழில் தொடங்குவதைப் பற்றி நிறையப் புரியும். நிலம் வேண்டாம். இந்த மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள், அந்த நிலத்திலும் கணிசமான பகுதி காடு. நிலம் கேட்கும் தொழில் எதுவும் இங்கே எளியவனுக்கு எட்டாது. தேனீப் பெட்டியை அடுத்தவர் ரப்பர் தோட்டத்தில்கூட வைக்கலாம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் அந்தத் தளிர்களிலேயே இனிப்பு நீர் சுரக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதுதான் இங்கே தேன் சீசன். பிறகு, ஒரு பெட்டியில் தொடங்கலாம். கூடு பெருகினால் பிரித்து இரண்டாக்கலாம். முதலீடு தானாகவே குட்டி போடுகிறது. எல்லாவற்றையும்விட, பக்கத்து வீட்டில் ஒருவர் அதைச் செய்துகொண்டிருக்கிறார். ராணித் தேனீ எது, ஆண் தேனீ எது, மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை வேலியின் இந்தப் பக்கம் நின்றே கேட்டுக்கொள்ளலாம்.

1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பெயரால் 'தாய் சாக்புரூட்' எனப்படும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக்களைத் தாக்கியது. புழுக்கள் கூட்டுக்குள்ளேயே செத்தன, பெட்டிகள் காலியாயின. குமரியிலும் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆனாலும் தேன் தொழில் இங்கே அற்றுப்போகவில்லை. நோயைத் தாங்கி மிஞ்சிய கூடுகளிலிருந்து மீண்டும் பெருக்கினார்கள். பெரிய கடன் வாங்கிச் செய்த தொழிலாக இருந்திருந்தால் அத்தனை குடும்பங்கள் திரும்ப எழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். வேறு வருமானம் வீட்டில் இருந்தது. ரப்பர் பால் வெட்டு, கூலி வேலை, ஆசிரியர் சம்பளம் என்று ஏதோ ஒன்று. தேன் அதன் பக்கத்தில் ஓடியது.

இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது, விழுந்தால் தாங்கும் தரை. பிரிட்டனில் 1998இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பரம்பரைச் சொத்தாகவோ அன்பளிப்பாகவோ ஐயாயிரம் பவுண்டு அளவுக்குப் பணம் கிடைத்தவர்கள் சொந்தத் தொழில் செய்யும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது தெரிந்தது. குணம், மனப்பாங்கு பற்றிய பரிசோதனைகளை விட அந்தச் சின்னத் தொகை அதிகம் பேசியது. நம் மாவட்டத்தில் பரம்பரைச் சொத்தின் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டுச் சம்பளம் நிரப்புகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஊர்களில் கவனித்துப் பாருங்கள். புதிதாக பேக்கரி போட்ட பையனுக்கு சவூதியில் அண்ணன் இருப்பார். பிரிண்டிங் யூனிட் போட்டவனுக்கு நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா இருப்பார். அல்லது அவன் மனைவி ஆசிரியை. அண்ணன் கொடுத்த முதலைவிட முக்கியமானது, அண்ணன் அனுப்பும் பணத்தில் அம்மாவின் மருந்தும் தங்கையின் ஃபீசும் நடந்துவிடுகிறது என்பது. ஒரு வருடம் லாபம் வராவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடம்தான் தொழில் பிழைப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் இருப்பது. வெளியே பார்க்க ஒருவன் தைரியமாகத் தெரிகிறான். உள்ளே பார்த்தால் அவன் தைரியத்தை இன்னொருவர் சம்பளமாக வாங்கிக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்வதால் அவன் உழைப்பு குறைந்துவிடாது. அந்த இன்னொருவருக்குச் சேர வேண்டிய நன்றி சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அப்படி யாரும் இல்லாத பிள்ளை என்ன செய்வது? நம் ஊர்களில் அவனுக்கு முதலில் கண்ணில் படுவது சீட்டு. இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை கட்டி, ஏலத்தில் அதிகம் தள்ளுபடி விட்டுக்கொடுப்பவருக்கு அது போக மீதி மொத்தமாகக் கிடைக்கும் முறை. வங்கி கேட்கும் எந்தக் காகிதமும் கேட்காது, ஆளைத் தெரிந்திருந்தால் போதும். பல பெட்டிக்கடைகளும் தையல் கடைகளும் சீட்டுப் பணத்தில்தான் எழுந்தன. ஆனால் பதிவு செய்யாத சீட்டு உடைந்தால் போன பணத்தைக் கேட்க இடமில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு கட்டாயம். சேருவதற்கு முன் அதை ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

அரசுத் திட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவற்றின் பெயர் தெரிந்த அளவுக்கு நடைமுறை தெரிவதில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008இல் வந்தது. 2022இல் அதன் திட்டச் செலவு உச்சவரம்பை உற்பத்திக்கு 50 லட்சம் ரூபாய், சேவைக்கு 20 லட்சம் என்று உயர்த்தினார்கள். கிராமத்தில் தொழில் தொடங்கும் பொதுப்பிரிவு ஆணுக்கு 25 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் உள்ளிட்டோருக்கும் 35 சதவீதம். கிராமத்துப் பெண் ஒருத்தி பத்து லட்சத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் யூனிட் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கையிலிருந்து 50 ஆயிரம், வங்கி ஒன்பதரை லட்சம். மூன்றரை லட்சம் மானியம் அவள் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் அவள் பெயரில் வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது, அந்த அளவு கடனுக்கு வட்டியும் வசூலிக்க மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து யூனிட் ஓடுகிறதா என்று பார்த்துக் கடனில் கழிப்பார்கள். கடைசியில் அவள் அடைக்க வேண்டிய அசல் ஆறு லட்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மானியத்தைக் கையில் வாங்கிச் செலவு செய்யலாம் என்று நினைத்துத் தொடங்கியவர்கள் முதல் ஆறு மாதத்திலேயே திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்றே உள்ளது. 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. குடும்பத்தில் யாரும் தொழில் செய்யாதவனுக்குத் தனி உதவி வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடமாக இதை நான் பார்க்கிறேன். பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்கு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையம்தான் வாசல்.

வாசலைத் தாண்டியதும் வங்கி. மானியத்தை அரசு அறிவிக்கலாம், கடன் கொடுப்பதா என்பதை வங்கிதான் முடிவு செய்யும். சிறு, குறு தொழில்களுக்குப் பத்து லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. என் சித்தப்பா மகள் ஒரு சின்ன யூனிட்டுக்காகப் போனபோது ஒரு வங்கிக் கிளையில் முதலில் இடத்தின் பத்திரம் கேட்டார்கள். அடுத்த முறை அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். மூன்றாம் முறை, "கல்யாணம் ஆனா யூனிட்டை யாரும்மா பாக்குவா?" என்று கேட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. எம்.எஸ்சி. படித்தவள், திட்ட அறிக்கையைத் தானே எழுதியவள். அன்று வீட்டுக்கு வந்து கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். வேறொரு கிளையில் பிறகு கடன் கிடைத்தது. நடுவில் போன எட்டு மாதமும் அந்தக் கேள்வியும் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. பெண்களின் படிப்பில் இவ்வளவு முன்னால் நிற்கும் ஒரு மாவட்டத்தில் பெண்கள் நடத்தும் யூனிட்டுகள் ஏன் சமையலறைப் பின்கட்டைத் தாண்டி வருவதில்லை என்று கேட்பவர்கள் அந்த மேசைக்கு எதிரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதே நாகர்கோவிலில்தான் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பெண் கையில் தனிக் காசு என்பது இங்கே இருநூறு வருடப் பழைய செய்தி.

கடன் கிடைத்தாலும் முதல் ஆர்டர் வேண்டும். குமரிக்கு இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம், இரண்டு மொழியும் பேசும் பிள்ளைகள். ஓணத்துக்குத் தோவாளைப் பூ போகிறது, சிப்ஸ் போகிறது, மீன் போகிறது. கிராம்புக்கு 2021இலும் மட்டி வாழைப்பழத்துக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததும் தானாக விலை ஏறிவிடாது. அந்தப் பெயரை லேபிளில் போட்டு, ஒரே தரத்தில், கேட்ட நாளில் சரக்கு அனுப்பும் ஒருவன் வேண்டும். மட்டிப்பழம் சீக்கிரம் கனிந்துவிடும், தூரம் தாங்காது. அதை உலர்த்தியோ மாவாக்கியோ தொலைவுக்கு அனுப்ப வழி கண்டுபிடிப்பவனுக்கு ஒரு நல்ல தொழில் காத்திருக்கிறது. உணவுப் பொருளைச் சிறிய அளவில் செய்பவர் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறலாம், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. காகித வேலை நினைப்பதைவிடக் கொஞ்சம்தான். வாங்குபவரைத் தேடிப் போகும் வேலைதான் நீளம்.

தோல்வியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஒரே இரவில் வாழைத் தோட்டங்கள் படுத்தன, ரப்பர் மரங்கள் முறிந்தன, கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்த நஷ்டத்துக்கு யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஊர் சேர்ந்து அழுதது, சேர்ந்து தூக்கிவிட்டது. ஆனால் ஒருவன் கடை போட்டு, கூட்டம் வராமல் மூடினால் அதே ஊர் வேறு மாதிரிப் பேசும். "அப்பமே சொன்னேன்லா" என்ற ஒரு வாக்கியம் போதும், அவன் மட்டுமில்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் பின்வாங்கிவிடுவார்கள். மூடிய கடையில் அவன் கற்றது என்ன என்று கேட்கும் ஒரு மாமா அந்தக் கல்யாண வீட்டில் இருந்தால் எத்தனை வித்தியாசம்! அடுத்த முறை அவன் வாடகையைக் குறைப்பான், கடனுக்குச் சரக்கு கொடுப்பதை நிறுத்துவான். அது அவன் காசு கொடுத்து வாங்கிய படிப்பு.

போன மழைக்காலம் முடிந்து கூடு பிரிக்கும் சமயத்தில், எங்கள் பக்கத்தில் முப்பது வருடமாகத் தேனீ வளர்க்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு வேலை போய் ஊருக்கு வந்த ஒரு பையன் ஒரு மாதமாக அவரோடு பெட்டி பெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். கை, முகம் எல்லாம் கொட்டு வாங்கியிருந்தான். அன்று கிளம்பும்போது, கூடோடு இரண்டு பெட்டி என்ன விலை என்று தயங்கிக் கேட்டான்.

"காசு இப்ப வேண்டாம் மக்ளே. அடுத்த வருஷம் நீ கூடு பிரிக்கயில ரெண்டு பெட்டி எனக்குத் திருப்பித் தா."

"செத்துப்போனா மாமா?"

"செத்துப்போனா வந்து சொல்லு. ஏன்னு பாப்போம்."

இருட்டும் வரை இருந்தோம். தேனீக்கள் எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு பெரியவர் வாசலைத் துணி வைத்து அடைத்தார். பையன் இரண்டு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றி, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மெதுவாகப் போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் பெரியவர் மூன்று முறை சொன்னார்.